அளவுகோலில் பிறந்த இசை

கட்டடம் இடத்தை நிரப்புவது. இசை காலத்தை நிரப்புவது. ஒன்றைக் கண் ஒரே நோக்கில் தழுவிக்கொள்ளும். மற்றொன்றைச் செவி கணந்தோறும் பெற்று நினைவில் கோத்துக்கொள்ளும். இவ்விரு கலைகளையும் எண் என்னும் ஒரே நூல் இணைக்கிறது என்ற எண்ணம் மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமக் கட்டடவியலாளர் விட்ருவியசு தம் நூலின் ஐந்தாம் பகுதியில் அரங்கு அமைக்கும் முறையைக் கூறுமிடத்தில், இசையின் இலக்கணத்தையும் உடன்வைத்தே விளக்கினார். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான ஆல்பெர்ட்டி, செவிக்கு இன்பம் தரும் எண்களே கண்ணுக்கும் இன்பம் தரும் எனக் கொண்டார்.

நெடுங்காலம் இந்தப் போக்குவரத்து ஒருதிசையிலேயே நிகழ்ந்தது. இசை எண்களைத் தந்தது. கட்டடக்கலை அவற்றைப் பெற்றுக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் திசை மாறியது. லெ கொர்புசியே என்னும் பெருங்கட்டடவியலாளர் எழுதிய அளவைக் கோட்பாடு, அவருடைய பணிமனையில் கணக்கிடும் வேலை பார்த்த இளம் பொறியாளர் யானிசு செனாக்கிசின் கையில் பல்லியத்துக்குரிய இசையாயிற்று. ஒரு துறையின் கோட்பாடு இன்னொரு துறைக்குள் நுழையும்போது அதில் எது கடந்து செல்கிறது, எது பின்தங்கிவிடுகிறது என்பதை அறிய இதனினும் தெளிவான சான்று அரிது.

அளவைக்கு இசையே முன்மாதிரி

லெ கொர்புசியே 1887ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் நகரமான லா சோ-த-போனில் பிறந்தார். தாய் பியானோ கற்பித்தவர். தமையன் ஆல்பேர் இசையையே வாழ்க்கையாகக் கொண்டவர். இசை ஒலித்துக்கொண்டே இருந்த வீட்டில் வளர்ந்த ஒருவர் அளவையைப் பற்றி எண்ணத் தொடங்கியபோது, முதலில் இசையை நோக்கியதில் வியப்பில்லை. 1950இல் வெளிவந்த ‘மாடுலர்’ என்னும் நூலின் வாயிலிலேயே அவர் இசையைப் பேசுகிறார்.

அவர் வாதம் இதுதான். ஒலி தொடர்ச்சியானது. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்கு எங்கும் முறியாமல் செல்லலாம். குரலாலும் வயலினாலும் அது இயலும். ஆயினும் அத்தொடர்ச்சியை அப்படியே எழுதி வைக்கவோ பிறருக்குக் கையளிக்கவோ முடியாது. ஆகவே மாந்தர் அதைப் படிகளாக வெட்டினர். வெட்டும் இடத்தை முடிவு செய்ய, பித்தகோரசின் வழிவந்தோர் செவியையும் எண்ணையும் ஒருங்கே துணைகொண்டனர். அதிரும் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிக்கும். மூன்றில் இரண்டாகக் குறைத்தால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். இவ்வாறு எளிய முழுவெண்களின் உறவுகள் சுரங்களாயின.

இதில் ஓர் இடர் உண்டு. ஒன்றரை மடங்கு என்னும் படியைப் பன்னிரண்டு முறை ஏறினால் ஏறத்தாழ 129.75 மடங்கு உயர்வோம். இரட்டிப்பு என்னும் படியை ஏழு முறை ஏறினால் 128 மடங்கு. இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தை அடைகின்றன, ஆனால் பொருந்துவதில்லை. பின்வந்தோர் இச்சிறு பிழையைப் பன்னிரண்டு படிகளுக்கும் சமமாகப் பகிர்ந்தனர். அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே 1.0595 என்னும் ஒரே மடங்கு நிலைபெற்றது. பியானோ இன்றும் அந்த ஒழுங்கில்தான் சுருதி சேர்க்கப்படுகிறது.

இசைவாணருக்கு இத்தகைய பொதுக்கருவி வாய்த்திருக்க, வீடும் கருவியும் படைப்போருக்கு அப்படியொன்று இல்லையே என்பதே லெ கொர்புசியேயின் ஏக்கம். மீட்டர் அளவை உடலோடு தொடர்பற்றது என அவர் கருதினார். அடி அளவை உடலோடு தொடர்புடையதாயினும் கணக்கிடக் கடினமானது. நீளங்களுக்கும் ஒரு சுரவரிசை வேண்டும் என அவர் விரும்பினார்.

சிவப்பும் நீலமும்

அவர் அமைத்த சுரவரிசை ஒரு மனித உருவிலிருந்து தொடங்குகிறது. முதலில் 175 செ.மீ. உயரமுள்ள உருவை எடுத்துக்கொண்டவர், பின்னர் ஆறடியாகிய 183 செ.மீட்டரை நிலையாகக் கொண்டார். அவ்வுருவின் கொப்பூழ் 113 செ.மீ. உயரத்தில் இருக்கும். கையை மேலே உயர்த்தினால் விரல்நுனி 226 செ.மீட்டரைத் தொடும், அது 113இன் இருமடங்கு.

113ஐ மையமாகக் கொண்டது சிவப்புத் தொடர்: 27, 43, 70, 113, 183, 296. 226ஐ மையமாகக் கொண்டது நீலத் தொடர்: 53, 86, 140, 226, 366. முழுவெண்ணாக்கும்போது நேரும் சிறு வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள இரண்டின் கூட்டுத்தொகை. 43ஐயும் 70ஐயும் கூட்டினால் 113. 70ஐயும் 113ஐயும் கூட்டினால் 183. அதேவேளை ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண்ணைப்போல் ஏறத்தாழ 1.618 மடங்கு. இந்த 1.618 என்பதே கணிதவியலார் போற்றும் பொன்விகிதம்.

இருக்கையின் உயரம், மேசையின் உயரம், சாய்ந்து நிற்கும் திண்டின் உயரம், கூரையின் உயரம் என அன்றாட வாழ்வின் நிலைகள் பலவும் இவ்வெண்களில் பொருந்துமாறு அவர் செய்தார். மார்செய் நகரில் 1947 முதல் 1952 வரை எழுந்த பெருங்குடியிருப்பு இக்கோட்பாட்டின் பேராய்வுக்கூடமாயிற்று. 140 மீட்டர் நீளமுள்ள அக்கட்டடம் முழுவதும் மாடுலரின் 15 அளவுகளுக்குள் அடங்கியது. வீடுகளின் உட்கூரை 226 செ.மீ. உயரத்திலும், வீட்டின் அகலம் 366 செ.மீ. ஆகவும் அமைந்தன. சண்டிகர் தலைநகரை வடிவமைத்தபோதும் அவர் இந்த அளவுகோலைக் கைவிடவில்லை.

பொறியாளர் கையில் நூல்

மார்செய் கட்டடத்தின் கற்காரைக் கணக்குகளைச் செய்தோருள் ஒருவர் செனாக்கிசு. உருமேனியாவின் பிரைலா நகரில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, ஏதென்சு பல்தொழில் நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்றவர். இரண்டாம் உலகப்போரில் கிரேக்க நாட்டை அடக்கியிருந்த படைகளை எதிர்த்த இயக்கத்தில் ஈடுபட்டார். செருமானியர் வெளியேறியபின் பிரித்தானியப் படையோடு மூண்ட மோதலில், 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குண்டுச்சிதறல் தாக்கி முகம் சிதைந்து ஒரு கண்ணை இழந்தார். 1947இல் நாட்டைவிட்டுத் தப்பிப் பாரிசை அடைந்தார். தாய்நாட்டில் அவருக்கு இறப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. பாரிசின் செவ்ர் தெருவில் இருந்த லெ கொர்புசியேயின் பணிமனையில் பிழைப்புக்காகச் சேர்ந்தவர், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அங்கிருந்தார்.

பகலில் பொறியியலும் எஞ்சிய நேரத்தில் இசையுமாக அவர் வாழ்ந்தார். மரபுவழி இசைப்பயிற்சி குறைவென்பதால் ஆசிரியர் சிலர் அவரை ஏற்கத் தயங்கினர். ஒலிவியே மெசியான் மட்டும் வேறொரு வழி காட்டினார். நீர் கிரேக்கர், கணிதம் அறிந்தவர், கட்டடவியலில் பழகியவர். அவற்றையே இசைக்குள் கொண்டுவாரும் என்பது அவர் அறிவுரையின் சாரம். அவ்வறிவுரை விழுந்த நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. நாள்தோறும் மாடுலரின் எண்களோடு பழகிய கை அது.

பெருக்கும் சுரம், கூட்டும் காலம்

கட்டடத்தின் அளவுகளை இசையில் எங்கே வைப்பது? எளிதாகத் தோன்றும் விடை, சுரங்களில் வைப்பது. பொன்விகிதத்தையே இரு சுரங்களின் அதிர்வெண் உறவாக்கிப் பார்ப்போம். வயலினின் தாழ்ந்த நரம்பு நொடிக்கு 196 அதிர்வுகள் தருகிறது. அதன் 1.618 மடங்கு ஏறத்தாழ 317. பன்னிரு சுரப் படிகளில் கணக்கிட்டால் இது 8.33ஆம் படியில் நிற்கிறது. எந்தச் சுரத்திலும் அமராமல் எட்டாம் சுரத்துக்கும் ஒன்பதாம் சுரத்துக்கும் இடையில் தொங்குகிறது.

செவி இதை இனிய இணைவாக ஏற்பதில்லை. ஒவ்வோர் இசையொலியும் தன் அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கான மேலொலிகளைத் தன்னுள் கொண்டது. இரு சுரங்களின் உறவு 3:2 போன்ற சிறு முழுவெண்களாக அமையும்போது மேலொலிகள் பல ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. அப்பொருத்தத்தையே இணக்கமாக உணர்கிறோம். பொன்விகிதமோ சிறு முழுவெண் பின்னங்களால் நெருங்குவதற்கு எண்களிலெல்லாம் மிகக் கடினமானது. கண்ணுக்குப் பேரொழுங்காகத் தோன்றும் எண், சுர இணைவில் ஒழுங்கின்மையாக ஒலிக்கிறது. ஓர் எண்ணை ஒரு புலனிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே தூக்கி வைத்தால் பொருள் கெடும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

செனாக்கிசு பொன்விகிதத்தைக் காலத்தில் வைத்தார். இத்தெரிவில்தான் அவர் நுண்ணறிவு ஒளிர்கிறது.

சுர உயரத்தைச் செவி பெருக்கலால் அறிகிறது. 100இலிருந்து 200 அதிர்வுக்கும், 200இலிருந்து 400 அதிர்வுக்கும் ஏறுவது செவிக்கு ஒரே தொலைவு. கணிதவியலார் இதை மடக்கை அளவை என்பர். காலத்தை நாம் கூட்டலால் அளக்கிறோம். இரண்டு மாத்திரையும் மூன்று மாத்திரையும் சேர்ந்தால் ஐந்து மாத்திரை. தாளத்தின் அடிப்படையே இதுதான். ஆகவே சுரமும் காலமும் வெவ்வேறு கணக்கில் இயங்குகின்றன. இரண்டையும் ஒரே ஒழுங்கில் கட்ட விரும்பும் இசையாசிரியருக்கு இப்பிளவு பெருந்தடை.

1, 2, 4, 8 என இரட்டிக்கும் தொடர் மடங்கு மாறாமல் வளரும். ஆனால் அடுத்தடுத்த இரண்டைக் கூட்டினால் விடை தொடருக்கு வெளியே விழும். 1, 2, 3, 4 என ஒவ்வொன்றாய்க் கூடும் தொடரில் கூட்டுத்தொகைகள் உள்ளேயே அமையும். ஆனால் மடங்கு மாறிக்கொண்டே போகும். அடுத்தடுத்த இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதாகவும், வளரும் மடங்கு எப்போதும் ஒன்றாகவும் இருக்கும் ஏறுதொடர் பொன்விகிதத் தொடர் ஒன்றே. அதன் முழுவெண் வடிவமே 1, 2, 3, 5, 8, 13 என்னும் பிபனாச்சி எண்கள். 8ஐ 5ஆல் வகுத்தால் 1.6, 13ஐ 8ஆல் வகுத்தால் 1.625, மேலே செல்லச் செல்ல 1.618ஐ நெருங்கும். பெருக்கலும் கூட்டலும் ஒன்றுபடும் அந்த இடத்தை மாடுலர் நூல் கட்டடத்துக்காகக் கண்டிருந்தது. செங்கல்லும் சன்னலும் கூட்டினால் சுவராக வேண்டும். அவற்றுள் வளர்ச்சியின் ஒழுங்கும் வேண்டும். கால அளவுகளுக்கும் அதே தேவை உண்டு என்பதைச் செனாக்கிசு கண்டார்.

‘மெட்டாசுடாசிசு’

1953, 1954ஆம் ஆண்டுகளில் அவர் இயற்றிய ‘மெட்டாசுடாசிசு’, 1955 அக்டோபர் 16 அன்று செருமனியின் தோனாவெசிங்கன் இசைவிழாவில் ஆன்சு ரோசுபாட்டின் நெறியாட்சியில் அரங்கேறியது. 61 இசைஞர்கள், அவர்களுள் 46 பேர் நரம்புக் கருவியினர். வழக்கமான பல்லியத்தில் முதல் வயலின் குழுவினர் அனைவரும் ஒரே இசையை ஒருங்கே இசைப்பர். இங்கோ ஒவ்வொருவருக்கும் தனித்தனி இசையெழுத்து.

தொடக்கத்தில் நரம்புக் கருவிகள் அனைத்தும் ஒரே சுரத்தில் நிற்கின்றன. பின்னர் ஒவ்வொருவரும் விரலை நரம்பிலிருந்து எடுக்காமல் இழைத்துக்கொண்டே வெவ்வேறு வேகத்தில் பிரிகின்றனர். சிலர் மேலேறுகின்றனர், சிலர் கீழிறங்குகின்றனர். இழைந்து செல்லும் ஒவ்வோர் ஒலியையும் வரைதாளில் குறித்தால் அது ஒரு நேர்கோடாகும். கிடை அச்சு காலம். நிலை அச்சு சுர உயரம். கோட்டின் சாய்வு இழையும் வேகம். கோடுகள் விரிந்து முடிகையில் பெரும் ஒலித்திரள் எஞ்சுகிறது. படிகளாக வெட்டப்படுமுன் ஒலி தொடர்ச்சியானது என்று மாடுலர் நூல் எதைச் சொல்லித் தொடங்கியதோ, அத்தொடர்ச்சியே இங்கு இசையின் முதற்பொருளாயிற்று.

நடுப்பகுதியில் ஒலி படிகளுக்குத் திரும்புகிறது. பன்னிரு சுரங்களும் வரிசைமுறையில் கையாளப்பட, அவற்றின் கால அளவுகள் பொன்விகிதத் தொடரைப் பின்பற்றுகின்றன. இறுதிப் பகுதியில் இழைவுகள் மீண்டும் எழுந்து ஒரே சுரத்தில் குவிகின்றன. முழு ஆக்கமும் எட்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

இந்தத் திரளொலிக்கு நூல் மட்டுமே ஊற்றன்று. போர்க்கால ஏதென்சில் பல்லாயிரவர் ஒரே முழக்கத்தோடு நடந்த ஊர்வலங்களையும், துப்பாக்கிச் சூட்டில் அம்முழக்கம் சிதறிக் குழம்பியதையும் செனாக்கிசு பின்னாளில் தம் எழுத்தில் நினைவுகூர்ந்தார். தனிக்குரல்கள் மறைந்து திரளின் இயல்பு மட்டும் செவியில் எஞ்சும் பட்டறிவு அது. கோட்பாடு அவருக்குக் கணக்கைத் தந்தது. எதைக் கணக்கிட வேண்டும் என்பதை வாழ்க்கை தந்தது.

மீண்டும் கல்லுக்கு

1955இல் லெ கொர்புசியே ‘மாடுலர் 2’ நூலை வெளியிட்டபோது, தம் உதவியாளரின் இசை பற்றிய விளக்கத்தையும் அதில் சேர்த்தார். முதல் நூலிலிருந்து பிறந்த இசை இரண்டாம் நூலுக்குச் சான்றாயிற்று.

அத்துடன் அது நிற்கவில்லை. இலியோன் நகருக்கு அருகில் 1960இல் நிறைவெய்திய லா தூரெத்து துறவியர் மடத்தின் கண்ணாடிச் சுவர்களைச் செனாக்கிசு வடிவமைத்தார். கற்காரைச் சட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளிகள் மாடுலர் எண்களில் மாறிமாறி வருகின்றன. ஓரிடத்தில் சட்டங்கள் நெருங்குகின்றன. அடுத்த இடத்தில் அகல்கின்றன. மூன்று தளங்களில் மூன்று விதமான அடர்த்தி ஒன்றன்கீழ் ஒன்றாக ஓட, பலகுரல் இசையின் ஓட்டம் சுவரில் பதிகிறது. லெ கொர்புசியே இவற்றை இசைக் கண்ணாடிகள் என்றே அழைத்தார். நடந்து செல்பவர்மீது ஒளியும் நிழலும் மாறும் வேகம் அவ்விடைவெளிகளைப் பொறுத்தது. அங்கே இடமே காலமாகிறது.

1958இல் பிரசெல்சு உலகக் கண்காட்சிக்காக பிலிப்சு நிறுவனம் ஒரு கூடம் கேட்டது. லெ கொர்புசியே பொதுத்திட்டத்தை வகுத்து, வடிவமைப்பைச் செனாக்கிசிடம் ஒப்படைத்தார். செனாக்கிசு ‘மெட்டாசுடாசிசு’வின் இழைவு வரைபடத்துக்குத் திரும்பினார். ஒரு நேர்கோட்டைச் சாய்வு மாற்றி மாற்றி நகர்த்தினால் வளைந்த பரப்பு உருவாகும். குதிரைச் சேணம்போல் ஒருபுறம் மேலும் மறுபுறம் கீழுமாக வளையும் அதிபரவளையப் பரப்பின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் இரண்டு நேர்கோடுகள் செல்லும். நேர்க்கம்பிகளை இழுத்துக்கட்டி, ஐந்து செ.மீ. தடிப்புள்ள கற்காரைப் பலகைகளால் அப்பரப்புகளை எழுப்ப முடிந்தது. 46 நரம்புக் கருவிகளின் நேர்கோடுகள் செவிக்குள் வளைந்த பரப்பை உண்டாக்கிய அதே வடிவியல் இங்கே கூரையும் சுவருமாய் நின்றது.

அக்கூடத்துள் எட்கார் வரேசு இயற்றிய எட்டு நிமிட மின்னணு இசை, சுவரெங்கும் பதித்த முந்நூற்றுக்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகள் வழியே நகர்ந்து சென்றது. மக்கள் உள்ளே வருவதற்கும் வெளியேறுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில், எரியும் கரி வெடிக்கும் ஓசையைக் கொண்டு செனாக்கிசு அமைத்த சிற்றிசை ஒலித்தது. கண்காட்சி முடிந்தபின் 1959 சனவரியில் கூடம் இடிக்கப்பட்டது. கூடத்தின் படைப்புரிமை பற்றிய வேறுபாடு இருவரையும் பிரித்தது. செனாக்கிசு அவ்வாண்டே பணிமனையிலிருந்து விலகினார். 1977இல் அவர் உருவாக்கிய ‘உபிக்’ என்னும் கருவி, பலகையில் மின்கோலால் வரையும் கோட்டையே ஒலியாக்கிக் காட்டியது. பணிமனையின் வரைதாள் இறுதியில் இசைக்கருவியே ஆயிற்று.

கடந்ததும் தங்கியதும்

கட்டடத்துக்கும் இசைக்கும் உறவு காண விழைவோர் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். 1436இல் புளோரன்சு பேராலயத் திருநிலைப்பாட்டுக்காகக் கியோம் தூபே இயற்றிய பாடலில் 6:4:2:3 என்னும் கால உறவு உண்டு. அது அப்பேராலயத்தின் அளவுகளை எதிரொலிக்கிறது என 1973இல் சார்லசு வாரன் எழுதினார். அவ்வெண்கள் அக்கட்டடத்தோடு பொருந்தவில்லை என்றும், விவிலியம் கூறும் சாலமோன் கோவிலின் அளவுகளே அவை என்றும் 1994இல் கிரெய்கு ரைட் மறுத்தார். எண்கள் சில ஒத்திருப்பதால் மட்டும் உறவு நிறுவப்படாது. செனாக்கிசின் செய்தியில் நூலும் உண்டு, அதைப் பயன்படுத்தியவர் எழுத்தும் உண்டு, வரைபடமும் உண்டு.

பொன்விகிதத்துக்கு மறைபொருள் ஆற்றல் கற்பிப்பதும் பிழை. செருமானிய அறிஞர் பெக்னர் 19ஆம் நூற்றாண்டில் செவ்வகங்களைக் காட்டி மக்கள் விருப்பத்தை ஆராய்ந்து, பொன்விகிதச் செவ்வகத்தை மிகுதியானோர் விரும்பியதாகக் கண்டார். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. எட்டு மாத்திரைக்கும் பதின்மூன்று மாத்திரைக்கும் உள்ள உறவைக் கேட்போர் எண்ணி அறிவதும் இல்லை. அவர்கள் உணர்வது சீரான துடிப்பில் அடங்காமலும் தற்செயலாகச் சிதறாமலும் வளர்ந்து செல்லும் ஒரு காலவோட்டத்தை.

மாடுலரின் குறைபாட்டையும் மறைப்பதற்கில்லை. 183 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆணின் உடலை மாந்தர் அனைவர்க்கும் அளவாக்கியது அது. பெண்டிரும் சிறுவரும் முதியோரும் அந்த உருவுக்குள் அடங்கார். அந்த உயரத்தை ஒட்டி வகுத்த அலமாரியை எட்டாதவர் உலகில் பலர்.

இசைக்குள் புகுந்தபோது நேர்ந்த மாற்றம் இங்குதான் பொருள் பெறுகிறது. 183, 113, 226 என்னும் எண்கள் இசையில் இல்லை. கை உயர்த்திய ஆணுருவமும் இல்லை. கூட்டினாலும் பெருக்கினாலும் தன்னுள்ளேயே திரும்பும் வளர்ச்சி விதியும், தொடர்ச்சியைப் படிகளாக வெட்டுவது எவ்வாறு என்னும் வினாவுமே எல்லையைக் கடந்தன. காலத்துக்கு மாறியபோது உடலின் சார்பு உதிர்ந்தது, உறவு எஞ்சியது. ஆகவே இந்தப் பெயர்ப்பு கோட்பாட்டுக்கு ஓர் ஆய்வாகவும் அமைந்தது. நூலில் எது அடிப்படை, எது ஆசிரியரின் தனிவிருப்பம் என்பதைப் பிரித்துக்காட்டும் ஆய்வு அது. அவ்வாய்வைக் கட்டடங்களுக்குள் மட்டும் நின்று செய்திருக்க முடியாது; அங்கே உடலும் விகிதமும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருந்தன.

இன்று கணினியில் எந்த எண்வரிசையையும் ஒலியாக்கிவிடலாம். கட்டடத்தின் வரைபடத்தையோ நூலின் எழுத்துகளையோ சுரங்களுக்கு இணைத்துச் சில நொடிகளில் ஓர் இசைத்துண்டைப் பெறலாம். எழுத்துக்கு ஒரு சுரம் எனக் கண்மூடி இணைத்தால் நூலின் கருத்து அவ்வொலியில் இராது. இணைத்த முறையே ஒலிக்கும். செனாக்கிசு காட்டிய வழி கடினமானது. ஒரு கோட்பாடு எந்த வினாவுக்கு விடையாகப் பிறந்தது என்று முதலில் அறிய வேண்டும். அவ்வினா புதிய துறையிலும் உயிரோடு உள்ளதா எனத் தேர வேண்டும். அப்புலன் எவ்வாறு அளக்கிறது என்பதைக் கற்று, விடையை அதன் இயல்புக்கேற்ப மீண்டும் உருவாக்க வேண்டும். கட்டடவியல் பயில்வோரும் இசை பயில்வோரும் ஒருவர் நூலை ஒருவர் இவ்வாறு ஊன்றிப் படிப்பார்களாயின், இரு துறைகளும் தனித்துக் காணாதவற்றைச் சேர்ந்து காணும்.